நாற்காலியின் நாலாவது கால்

"அந்த ரப்பர் புஷ் ஒண்ணு எடுத்து வை. நாளைக்காவது மறக்காம கொண்டுபோய் மாட்டிடறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் கடைப்படி இறங்கினார்.

"உங்க நாளைக்கு என்னிக்குத்தான் விடிஞ்சிருக்கு?" என்றாள் அவள். தராசுத் தட்டில் இரண்டங்குல ஆணியைக் கொட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வானம் மூடிக்கிட்டு வருது. குடை எங்கே?"

"மாட்டின இடத்துலதான் தொங்கும். அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?"

குடையை எடுத்துக்கொண்டு அவர் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனார். அவள் ஆணியை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பிறகு ஞாபகம் வந்து, உள் அலமாரி டப்பாவைத் திறந்து, நாற்காலிக் காலுக்கு மாட்டுகிற கறுப்பு ரப்பர் புஷ் ஒன்றை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள். உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் படட்டும் என்று எடைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கண்ணில் அது படவே இல்லை.

ஊரில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். இரும்புக்கடை எங்கே என்று கேட்டால் யோசிப்பவர்கள்கூட, முட்டுக்கட்டை வீடு எங்கே என்றால் உடனே கை காட்டுவார்கள். பெயர் வைத்தவர் மன்றத் தலைவர். அவர் மரவாடி வைத்திருந்தார். ஒரே தெருவில் இரும்பும் மரமும் விற்கிற இருவரும் பால்ய சிநேகிதர்கள். டீக்கடையில் "என்ன மச்சான்" என்று தோளில் கை போடுவார்கள்; மன்றத்துக்குள் போனால் "உறுப்பினர் அவர்கள்", "தலைவர் அவர்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை கொடுப்பார்கள்.

ஊரும் பெரிய ஊர் இல்லை. பாதி வீட்டு மனை, பாதி இன்னும் விலை படியாத வயல். நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டால், பொழுது சாய்ந்து அவர்கள் திரும்பும்வரை தெருவில் நாய்கள்தான் நிர்வாகம். மன்றத்துக்கு வருகிற விவகாரமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்: அடைத்த சாக்கடை, எரியாத விளக்கு, யாரோ வேலியை அரையடி தள்ளிப் போட்டது. தீர்மானத்தைச் செயலாளர் வாசிப்பார். வாசித்துவிட்டு, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். கேட்ட மறு மூச்சில் "டொக்" என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய இரும்புக் குழாய் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. "உட்கார்றதுக்கு இதுவே போதும். தூங்கறதுக்குத்தான் புதுசு வேணும்" என்று சொல்லித் தடுத்தவர் இவர். தலைவர் அதற்குப் பழி தீர்த்துக்கொண்டார். எல்லா நாற்காலியிலும் மோசமானதை, நாலாவது காலில் ரப்பர் கழன்று போனதை, தேடிப் பிடித்து இவருக்கே ஒதுக்கிவிட்டார். இவர் வாய் திறக்குமுன் சற்று முன்னால் சாய்வார். சாய்ந்ததும் வெறும் குழாய் சிமென்டுத் தரையில் இடிக்கும். ஊருக்கே ரப்பர் புஷ் விற்கிற மனுஷன் தன் நாற்காலிக்கு ஒன்று மாட்டாமலே காலத்தை ஓட்டினார்.

"சத்தம் உங்களுக்கே பிடிச்சுப்போச்சு. அதான் மாட்ட மாட்டேங்கறீங்க" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பேசறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமறது இல்லையா? அது மாதிரிதான் இது."

செயலாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மேஜையோடு மேஜையாகக் குனிந்து எழுதுகிறவர். அவருக்குக் காதுதான் கண். டொக் என்று கேட்டால், நிமிராமலே, "ஆட்சேபணை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்று சொல்லி எழுதியும்விடுவார். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் தீர்மானத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. முட்டுக்கட்டையோடு வாதாடி ஜெயித்தவர் இல்லாததால், என்றோ ஒரு நாள் எல்லாரும் களைத்துப்போய், "சரி சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்கள். அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

ஒரு குணம் மட்டும் அவரிடம் இருந்தது. ஒரு கூட்டத்தில் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். "என்ன சொன்னீங்க?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவார். வீட்டிலும் அதேதான். தண்ணீர் வேண்டும் என்று ஒரு தடவை சொல்வார்; அவள் காதில் விழவில்லை என்றால் அவரே எழுந்து போய்க் குடித்துக்கொள்வார். "ஒரு தடவை சொன்னா அது கருத்து. ரெண்டாவது தடவை சொன்னா அது கெஞ்சல்" என்பார்.

அப்படி அவர் கூட்டத்துக்குக் கூட்டம் முட்டுக்கொடுத்து நிறுத்தியவற்றில் ஒன்று வாய்க்கால் பாலம்.

ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இக்கரையில் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, மன்றம். அக்கரையில் பிற்பாடு வந்த சின்னச் சின்ன வீடுகள். நடுவில் இரும்புத் தண்டவாளத்தின் மேல் பலகை போட்ட நடைப்பாலம். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. பலகைகள் மக்கிக்கொண்டு வந்தன. ஆபத்து, எடுத்துவிடலாம் என்றார் தலைவர். பெரிய ரோடு வழியாகச் சுற்றிப் போகட்டும் என்றார்கள் மற்றவர்கள். இவர் சொன்னார்: "புதுசு வர்ற வரைக்கும் பழசு இருக்கட்டும்." அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். அதற்கடுத்த கூட்டத்திலும். இடையில் தன் கடை ஆணியை எடுத்துப் போய்த் தானே பலகைகளை அடித்துவிட்டு வந்தார்.

குடையோடு போன அன்றும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. மன்றத்திலிருந்து வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அவர் இடது பக்கம் திரும்பினார். நடுப்பலகை ஒன்று ஆடுகிறது, இந்த மழைக்குத் தாங்குமா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பியூனிடம் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஒரு பெண் அக்கரைக்காரி. வேலை முடிந்து பாலத்துக்கு வந்தவள், விரித்த குடை ஒன்று பாலத்துத் தூணில் மாட்டி, தண்ணீரில் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் கடைத்தெருவே ஓடி வந்தது. அவரை மதகுப் பக்கம் எடுத்தார்கள். நடுப்பலகையில் பாதியைக் காணவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வீட்டில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அவளும் நாத்தனாரும். நாத்தனார் அவருக்கு மூத்தவள். வாழப் போன இடம் சரியில்லாமல் என்றோ தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வாய் நீளம். அழுவதாக இருந்தாலும் திட்டிக்கொண்டுதான் அழுவாள். "நீச்சல் தெரியாதவன் வாய்க்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போனானாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். பாலம் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பலகைச் சத்தம் பின்கட்டு அறைக்குத் தெளிவாகக் கேட்கும். இத்தனை வருஷம் அது ஒரு சத்தமாகவே அவளுக்குப் பட்டதில்லை. இப்போது வேறெதுவும் கேட்கவில்லை. மன்றத்து ஆட்கள் ஒரு புதுப் பலகையைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள். மறுநாளே ஜனங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மனுஷனை விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் அது ஊரைச் சுமந்துகொண்டு நின்றது. ஒவ்வொரு செருப்புச் சத்தமும் அவள் நெஞ்சின் மேல் நடந்தது.

அந்தச் சத்தத்தில் ஒரு கோளாறு இருந்தது. முதலில் பிரமை என்று நினைத்தாள். கரையிலிருந்து காலடி புறப்படும். தட், தட், தட் என்று நடுப்பாலம் வரை வரும். அங்கே நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கி அக்கரைக்குப் போகும். யார் நடந்தாலும் அப்படித்தான். நடுவில் ஒரு காலடி காணாமல் போனது.

"உங்களுக்குக் கேக்குதா அண்ணி?"

"என்னது?"

"பாலத்துல. நடு வரைக்கும் வந்துட்டு சத்தம் நின்னு போகுது."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. உனக்குத்தான் காது வாய்க்கால் வரைக்கும் நீண்டிருக்கு" என்றாள் நாத்தனார். ஆனால் அன்றிலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கட்டுக் கதவை அவளே போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

கல்லாவின் மேல் ரப்பர் புஷ் இருந்தது. அவள் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் யாராவது எடுத்துப் பார்த்தால், "அது விக்கறதுக்கு இல்லை" என்று வாங்கி அதே இடத்தில் வைப்பாள்.

ஒரு நாள் மன்றத் தலைவர் வந்தார். வந்தவர் உட்காரவில்லை. பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பூட்டு வாங்க வந்தவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"என்னண்ணே?"

"அந்த நாற்காலி காலியா இருக்கு தங்கச்சி."

"காலியாத்தானே இருக்கும்."

"அது இல்லம்மா." அவர் ஒரு பூட்டைத் திறந்து மூடினார். "போன கூட்டத்துல மன்றத்துக்கு சுண்ணாம்பு அடிக்கறதுக்கு ஒரு தீர்மானம். சாதாரண சுண்ணாம்பு. செயலாளர் ஆட்சேபணை உண்டான்னு கேட்டுட்டுப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நாங்களும் உட்கார்ந்திருக்கோம். எல்லாரும் அந்த நாற்காலியையே பாத்துக்கிட்டு இருக்கோம். ஒருத்தன் வாயைத் திறக்கல. கடைசியில பியூன் வந்து, 'என்னங்கய்யா, கரன்ட் போச்சா'ன்னு கேட்டான். அப்புறம்தான் சுரணை வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் பாதியில் கோணிக்கொண்டது.

"நீங்க நில்லுங்க தங்கச்சி. எதிர்த்து ஒருத்தரும் நிக்க மாட்டாங்க, எல்லார்கிட்டயும் பேசிட்டேன். சும்மா வந்து உட்கார்ந்தா போதும்."

"உங்களுக்கு வேண்டியது ஆளா, நாற்காலிக்கு உறையா?"

"மச்சான் பேசற மாதிரியே பேசறீங்க."

அவள் கல்லாவின் மேல் இருந்த புஷ்ஷை விரலால் உருட்டினாள். பிறகு சொன்னாள்: "நிக்கறேன். ஆனா ஒண்ணு. அந்தப் பாலத்தை எடுக்கணும். நானே கொண்டு வர்றேன் தீர்மானத்தை. ஒரு பலகை மிச்சமில்லாம எடுத்து அடுப்புக்குப் போடணும்."

"அதுக்கென்ன தங்கச்சி. எங்களுக்கும் அதுதானே ஆசை. வேணாம்னு சொன்னவர்தான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அவளே உறுப்பினர் என்று மன்றத்து வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அவள் பாலத்தை எடுக்கப்போகிறாள் என்ற செய்தி அதற்கு முன்பே ஊருக்குள் பரவிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆயா கடைக்கு வந்தாள். கொடி கட்டக் கம்பி வேண்டும் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் இவளுக்கு அந்தக் குடை ஞாபகம் வரும். கம்பியை வளையமாகச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்:

"கேள்விப்பட்டிருப்பியே?"

"கேள்விப்பட்டேங்க்கா."

"திட்டறாங்களா அக்கரையில?"

"யாருக்கா உங்களைத் திட்டுவா?" ஆயா கம்பியை வாங்கிக்கொண்டாள். "எடுத்துடட்டும்க்கா. நீங்க சொன்னா சரிதான். நான் கொஞ்சம் வெள்ளென கிளம்பி ரோடு வழியாப் போய்க்கறேன். லாரி வர்ற ரோடுதான். ஓரமாப் போனா ஒண்ணும் ஆகாது."

அவள் கெஞ்சியிருந்தால் இவளுக்குக் கோபப்பட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அது கிடைக்காத எரிச்சலில் கேட்டாள்: "ஆமா, பாலத்துல நடுவுல போய் எல்லாரும் எதுக்கு நிக்கறீங்க? தினமும் கேக்குது எனக்கு. நடு வரைக்கும் வந்து நின்னுட்டு அப்புறம் போறீங்க."

ஆயா கம்பி வளையத்தைக் கைமாற்றிப் பிடித்தாள்.

"நிக்கறது இல்லக்கா. தாண்டறோம்."

"என்னது?"

"அந்தப் பலகை, அண்ணன் விழுந்த இடம். புதுசுதான் போட்டிருக்காங்க, கெட்டியாத்தான் இருக்கு. இருந்தாலும் மிதிக்க மனசு வரல. நான்தான் முதல்ல தாண்டினேன். அப்புறம் பார்த்தா எல்லாரும் தாண்டறாங்க. சைக்கிள்காரங்க இறங்கித் தூக்கி வச்சுட்டுப் போறாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கூட. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல."

அவள் போன பிறகும் இவள் நெடுநேரம் கம்பிச் சுருளைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் பின்கட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. தட், தட், தட். ஒரு இடைவெளி. மறுபடி தட், தட். ஆயாதான் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

"கதவைச் சாத்து. கொசு வருது" என்று உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

கதவைச் சாத்தினாள். மனம் மாறிவிட்டதா என்றால் இல்லை. மரியாதை எல்லாம் சரி. மரியாதை செய்கிறவர்கள் யாரும் அந்தச் சத்தத்தோடு படுத்து எழுந்திருக்கவில்லை. எடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள் மத்தியானம் கூட்டம். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். கல்லாவின் மேலிருந்த ரப்பர் புஷ்ஷை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நாத்தனார் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் நாற்காலியிலயா உட்காரப் போறே?"

"வேற நாற்காலி இல்லையாம்."

"உட்கார்ந்துக்கோ. அவன் மாதிரி பேசிடாதே. ஒரு வீட்டுக்கு ஒரு முட்டுக்கட்டை போதும்."

அவள் எல்லாருக்கும் முன்னாலேயே போய்விட்டாள். மன்றத்து அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. நீள மேஜை, மேலே பச்சைத் துணி, தண்ணீர்க் கூஜா. பியூன் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தான். ஐம்பது வயது ஆள், முழங்கால் வலிக்காரன். அவள் கேட்கவில்லை; அவனே சுவரோரம் போய் அந்த நாற்காலியை எடுத்து வந்தான்.

"இதுதாங்கம்மா. வேற யாரையும் உட்கார விடல நான்."

அவள் அதைக் கவிழ்த்துப் போட்டாள். நாலாவது காலின் முனை தேய்ந்து, வெள்ளிக்காசு போல் பளபளத்தது. எத்தனை 'டொக்' சேர்ந்த தேய்மானமோ. புஷ்ஷை அதில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். போக மறுத்தது. பியூன் கூஜாத் தண்ணீரைத் தொட்டு விளிம்பில் தடவினான். பிறகு இறுக்கமாக உள்ளே ஏறியது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நிமிர்த்தி வைத்தாள். ஆட்டிப் பார்த்தாள். நான்கு கால்களும் தரையோடு ஒட்டி நின்றன.

"இதை அன்னிக்கே மாட்டியிருந்தா ஐயா பேசறதே ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றான் பியூன்.

அவள் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பால்பண்ணைக்காரர் கும்பிட்டார். டியூஷன் டீச்சர் தோளைத் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். தலைவர் வந்தார். செயலாளர் வந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். வரவேற்பாக இரண்டு வார்த்தை பேசினார்கள். அவள் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது தலைவர் தண்ணீர் குடித்தார்.

சந்தைத் தெருச் சாக்கடை முதலில் வந்தது. "ஆட்சேபணை உண்டா?" என்று செயலாளர் கேட்டார். எல்லார் கண்களும் அவளிடம் வந்தன. அவள் அசையவில்லை. ஒரு சின்ன இடைவெளி விட்டு, "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றார் செயலாளர். அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

அடுத்தது பாலம். செயலாளர் வாசித்தார். அவளே எழுந்து முன்மொழிந்தாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்; தடங்கலில்லாமல் வந்தன. "இன்னொரு குடும்பத்துக்கு இது வரக் கூடாது" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் வழிமொழிந்தார்.

"ஆட்சேபணை உண்டா?"

மின்விசிறி சுற்றியது. அவள் முதுகைச் சாய்க்காமல், கையை மடியிலிருந்து எடுக்காமல், கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

டொக்.

"ஆட்சேபணை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்றார் செயலாளர், நிமிராமலே. "அடுத்தது, மேட்டுத் தெரு மூன்றாவது விளக்கு..." என்று தொடங்கியவர் நின்றார். பேனா கையிலிருந்து நழுவி உருண்டு மேஜை விளிம்பில் நின்றது. மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. பழக்கதோஷம். சத்தம் கேட்டுச்சா, வாய் தானா..."

டீச்சர் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். பால்பண்ணைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். வாசலில் டீ டம்ளர்களோடு நின்ற பியூன் நாற்காலியின் காலையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"நாற்காலி ஆடியிருக்கும்" என்றார் தலைவர். "கிழட்டு நாற்காலி. தங்கச்சி கொஞ்சம் அசைஞ்சிருப்பாங்க. அவ்வளவுதானே தங்கச்சி?"

தான் அசையவில்லை என்று அவளுக்குத் தெரியும். சத்தம் கேட்டது என்பதும் தெரியும். அவள் ஒருத்தி காதில் மட்டுமல்ல, எல்லார் காதிலும் விழுந்தது. இத்தனை நாள் பின்கட்டில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதுவே ஒரு துணையாக இருந்தது.

"எழுதினதை அடிச்சிடுங்க" என்றார் தலைவர். "மறுபடியும் கேளுங்க."

செயலாளர் பேனாவைத் தேடி எடுத்தார். இந்தத் தடவை குனியவில்லை.

"ஆட்சேபணை உண்டா?"

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பாலம் போய்விடும். அந்த ஒன்றுக்காகத்தான் இங்கே வந்து உட்கார்ந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் காது முழுவதும் நாற்காலிக் காலிலேயே இருந்தது. மேஜையைச் சுற்றி இருந்தவர்களும் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரவில்லை.

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் வரவே இல்லை.

வராது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த மனுஷன் எந்தக் காலத்தில் ஒரே கூட்டத்தில் இரண்டாவது தடவை சொல்லியிருக்கிறார்? தண்ணீருக்கே சொன்னதில்லை. முதல் தடவை காதில் விழவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு சத்தமும் இங்கே வராது. ஆனாலும் அவளுக்குக் கேட்டது, நடுவில் ஒரு காலடி விட்டு நடக்கிற அந்த நடை. பாலத்தை எடுத்துவிட்டால் மிதிக்காமல் தாண்டுவதற்கு ஊரில் இடமே இருக்காது.

"ஏற்றுக்..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"இருங்க" என்றாள் அவள். "முதல்ல எழுதினதே இருக்கட்டும்."

"புரியலம்மா."

"ஆட்சேபணைன்னு எழுதினீங்களே, அதை அடிக்க வேண்டாம்."

தலைவர் அவளைப் பார்த்தார். "நீங்க கொண்டு வந்த தீர்மானத்துக்கு நீங்களே ஆட்சேபணையா? என்ன தங்கச்சி இது? கேலிக்கூத்தால்ல இருக்கு."

"புதுசு வர்ற வரைக்கும் பழசு இருக்கட்டும்" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. தலைவர் கூஜாவைக் கிட்டே இழுத்து, தண்ணீர் ஊற்றி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"விட்டுப் போன பக்கத்துக்கும் கைப்பிடி போடணும்" என்றாள் அவள். "அதுக்கு ஒரு தீர்மானம் எழுதிக்குங்க."

செயலாளர் எழுதினார். எழுதியதை வாசித்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பது போல் தலைவரைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்: "ஆட்சேபணை உண்டா?"

எல்லாரும் காத்திருந்தார்கள். முன்பெல்லாம் காத்திருந்ததைவிட நீண்ட நேரம் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"மச்சான் இதுக்காவது விட்டுக் குடுத்தாரே" என்றார் தலைவர். சிரிக்கத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை, அவரும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு, வேலி, குப்பைத் தொட்டி என்று மிச்சமெல்லாம் முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். மழை வரும்போல் இருக்கிறது, வண்டியில் விட்டுவிடுகிறேன் என்றார் தலைவர். நீங்க போங்கண்ணே, வர்றேன் என்று அனுப்பிவிட்டாள். பியூன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தான்.

"அம்மா" என்றான். "நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். கால் தரையை விட்டுக் கிளம்பவே இல்ல."

அவள் எழுந்து நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். ரப்பர் புஷ் அவள் மாட்டின இடத்தில், மாட்டின மாதிரியே இறுக்கமாக இருந்தது. நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அது ஆடவில்லை.